அட்டவணையும் குறிவரைவும்: தரவு வாசிப்பில் தமிழாசிரியரின் பங்கு

1. முன்னுரை

வாசிப்பு என்றவுடன் பத்திகளாக அமைந்த உரையைப் படித்துப் பொருளுணர்தல் என்பதே நம் நினைவிற்கு வருகிறது. ஆயினும், இன்றைய மாணவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் எழுத்து யாவும் பத்திகளாக அமைவதில்லை. பேருந்து நேர அட்டவணை, மின்கட்டணச் சீட்டு, உணவுப் பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள சத்துப் பட்டியல், நாளிதழில் வரும் பட்டைப் படம் ஆகிய யாவும் வாசிக்க வேண்டிய எழுத்துகளே. அனைத்துலக மாணவர் மதிப்பீட்டுத் திட்டமாகிய பீசா, 2000ஆம் ஆண்டில் வாசிப்புத் திறனை அளக்கத் தொடங்கியபொழுதே உரைகளைத் தொடர் உரை, தொடரா உரை என இரண்டாகப் பகுத்து, அட்டவணை, குறிவரைவு, நிலப்படம், படிவம் ஆகியவற்றை இரண்டாம் வகையில் அடக்கியது. மலேசியத் தமிழ்மொழிக் கலைத்திட்டத்திலும் அட்டவணையிலும் குறிவரைவிலும் உள்ள விவரங்களை வாசித்து எழுதும் பயிற்சி இடம்பெற்றுள்ளது.

இருப்பினும், இப்பகுதியைக் கணித ஆசிரியரின் பொறுப்பு எனக் கருதி விரைவாகக் கடந்துவிடும் போக்கு நம்மிடையே உண்டு. எண்களைக் கூட்டவும் கழிக்கவும் கணிதம் கற்பிக்கிறது என்பது உண்மையே. ஆனால், தலைப்பில் உள்ள ஒரு சொல் எவரைக் குறிக்கிறது, ஓர் எண்ணை எவ்வாறு வாக்கியமாக்குவது, அவ்வாக்கியம் அட்டவணை சொன்னதைச் சொல்கிறதா, அதற்கு மேலும் சொல்கிறதா என்பன மொழி பற்றிய வினாக்கள். இவ்வினாக்களுக்கு விடை காணும் முறையை ஒரு மெய்யான தரவின்வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கென நாம் தேர்ந்துள்ள தரவு தமிழாசிரியர் அனைவருக்கும் நெருக்கமானது: சிங்கப்பூர் இந்தியரின் இல்லமொழி பற்றிய கணக்கெடுப்பு விவரம்.

2. சொற்களும் வடிவங்களும்

அட்டவணையில் கிடையாக அமையும் வரிசையை நிரை என்றும், மேலிருந்து கீழாக அமையும் வரிசையை நிரல் என்றும் வழங்குவர். நிரையும் நிரலும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள எண், அவ்விரண்டின் தலைப்புகளையும் சேர்த்து வாசித்தால்தான் பொருள் தரும். தலைப்பின்றி எண்ணை மட்டும் எடுப்பது, எழுவாய் இன்றிப் பயனிலையை மட்டும் வாசிப்பதை ஒக்கும்.

குறிவரைவு என்பது எண்களைக் கோடாகவோ பரப்பாகவோ மாற்றிக் காட்டும் வரைவு. தமிழ்நாட்டில் விளக்கப்படம், வரைபடம் என வழங்குவனவற்றை மலேசியப் பாடநூல்கள் குறிவரைவு என்கின்றன. நாமும் அச்சொல்லையே இங்கு ஆள்கிறோம். கோட்டுக் குறிவரைவையும் பட்டைக் குறிவரைவையும் வணிகக் கணக்குகளைக் காட்ட வில்லியம் பிளேஃபேர் 1786இல் பயன்படுத்தினார். 1801இல் வெளியிட்ட நூலில் வட்டக் குறிவரைவையும் அவர் அறிமுகப்படுத்தினார். இன்று பள்ளிகளில் கற்பிக்கப்படுவன பெரும்பாலும் நான்கு வகையின.

அ) படக் குறிவரைவு: ஒரு படம் இத்தனை எண்ணிக்கைக்கு ஈடு என்று கொண்டு அமைவது. ஒரு படத்தின் மதிப்பை முதலில் காண வேண்டும்.
ஆ) பட்டைக் குறிவரைவு: தனித்தனிப் பொருள்களின் அளவை ஒப்பிட உதவுவது. பட்டையின் உயரமே அளவைக் காட்டும்.
இ) கோட்டுக் குறிவரைவு: காலத்தோடு நிகழும் மாற்றத்தைக் காட்டுவது. கோட்டின் சரிவே வேகத்தைக் காட்டும்.
ஈ) வட்டக் குறிவரைவு: ஒரு முழுமையின் கூறுகளைக் காட்டுவது. அனைத்துக் கூறுகளும் சேர்ந்து நூறு விழுக்காடு ஆதல் வேண்டும்.

அட்டவணை துல்லியமான எண்ணைத் தருகிறது. குறிவரைவு எண்களுக்கு இடையிலான உறவை ஒரு பார்வையில் உணர்த்துகிறது. ஒன்றின் பணியை மற்றொன்று முழுமையாகச் செய்வதில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கற்பித்தலே பொருத்தமாகும்.

3. ஓர் அட்டவணையை அணுகுதல்

சிங்கப்பூரில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அதன் அண்மைய மூன்று கணக்கெடுப்புகளிலிருந்து எடுக்கப்பட்ட விவரம் வருமாறு:

அட்டவணை 1: இல்லத்தில் மிகுதியாகப் பேசும் மொழி – ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியக் குடியிருப்பாளர் (விழுக்காடு)

மொழி | 2000 | 2010 | 2020
ஆங்கிலம் | 35.6 | 41.6 | 59.2
தமிழ் | 42.9 | 36.7 | 27.3

இவ்வட்டவணையைக் கண்டவுடன் நம் கண் 27.3 என்னும் எண்ணில் நிலைகொள்கிறது. "சிங்கப்பூர்த் தமிழரில் நால்வருள் ஒருவர்தாம் தமிழ் பேசுகிறார்" என்று மேடையில் சொல்லவும் தோன்றுகிறது. இவ்வாக்கியத்தில் எத்தனை பிழைகள் உள்ளன என்பதை அறிய, எண்ணைத் தொடுவதற்கு முன் ஐந்து வினாக்களை எழுப்ப வேண்டும்.

முதலாவது, யாரைப் பற்றியது? தலைப்பு 'இந்தியக் குடியிருப்பாளர்' என்கிறது. தமிழர் என்று சொல்லவில்லை. சிங்கப்பூர்க் கணக்கெடுப்பில் இந்தியர் என்னும் பிரிவில் தமிழரோடு மலையாளிகள், பஞ்சாபியர், இந்தி மொழியினர் முதலியோரும் அடங்குவர். 2010ஆம் ஆண்டில் அப்பிரிவினருள் தமிழர் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர். மேலும், 'குடியிருப்பாளர்' என்பது குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே குறிக்கும். வேலை அனுமதியின்பேரில் அங்கு வாழும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இக்கணக்கில் இல்லை. ஐந்து வயதிற்குக் குறைந்த குழந்தைகளும் இல்லை.

இரண்டாவது, எதைப் பற்றியது? 'இல்லத்தில் மிகுதியாகப் பேசும் மொழி' என்பதே அளக்கப்பட்டது. ஒருவருக்கு ஒரு மொழி மட்டுமே இங்குக் கணக்கில் வரும். கணவனிடம் ஆங்கிலத்திலும் மாமியாரிடம் தமிழிலும் பேசும் ஒருவர், ஆங்கிலம் சற்று மிகுதி எனக் கூறினால், ஆங்கில நிரையிலேயே எண்ணப்படுவார். அவர் தமிழ் பேசாதவர் அல்லர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இல்லத்தில் பேசும் இரண்டாவது மொழியும் கேட்டறியப்பட்டது. ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசும் குடியிருப்பாளருள் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் தாய்மொழி சார்ந்த வேறொரு மொழியையும் இல்லத்தில் பேசுவதாக அது காட்டியது. இங்கும் எச்சரிக்கை தேவை. இந்த 87 விழுக்காடு எல்லா இனத்தவரையும் சேர்த்துக் கண்ட அளவு. இதனை அப்படியே தமிழுக்கு உரியதாக்க இயலாது.

மூன்றாவது, எப்பொழுது? 2000, 2010, 2020 என மூன்று ஆண்டுகள், பத்தாண்டு இடைவெளியில் உள்ளன. இடைப்பட்ட ஆண்டுகளில் நிகழ்ந்ததை அட்டவணை சொல்லவில்லை. மேலும், மூன்று ஆண்டுகளிலும் எண்ணப்பட்டவர் ஒரே மக்கள் அல்லர். சிலர் பிறந்து வளர்ந்தனர், சிலர் இறந்தனர், சிலர் புதிதாகக் குடியேறினர்.

நான்காவது, எந்த அலகில்? விழுக்காட்டில். விழுக்காடு என்பது எப்பொழுதும் ஏதேனும் ஒன்றின் விழுக்காடே. அந்த 'ஒன்று' இங்கு இந்தியக் குடியிருப்பாளர் தொகை. இதனை நாம் அடிப்படைத் தொகை எனக் குறிப்போம்.

ஐந்தாவது, எவ்வாறு திரட்டப்பட்டது? மொழி பற்றிய விவரம் எல்லா இல்லங்களிலும் கேட்கப்படவில்லை. மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இல்லங்களிலேயே கேட்கப்பட்டது. 2020இல் அத்தகைய இல்லங்கள் ஏறத்தாழ 150,000. மாதிரி பெரியதாயினும், பத்தில் ஒரு புள்ளி அளவிலான வேறுபாட்டிற்கு மிகுந்த பொருள் கற்பித்தல் கூடாது.

இவ்வைந்து வினாக்களுக்குப் பின்னர் எண்ணுக்குத் திரும்பினால், நாம் எழுதத்தக்க வாக்கியம் இதுவாகும்: "2020இல், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியக் குடியிருப்பாளருள் 27.3 விழுக்காட்டினர் தமிழை இல்லத்தில் மிகுதியாகப் பேசும் மொழியாகக் கொண்டிருந்தனர்." வாக்கியம் நீண்டுவிட்டது, ஆனால் அதன் ஒவ்வொரு சொல்லும் தேவையானது.

4. வாசிப்பின் மூன்று படிநிலைகள்

குறிவரைவைப் புரிந்துகொள்ளும் திறனை ஆராய்ந்த கணிதக் கல்வியாளர் பிரான்சிஸ் கர்சியோ, 1987இல் அத்திறனை மூன்று படிகளாகப் பகுத்துக் காட்டினார். தரவை வாசித்தல், தரவுகளுக்கு இடையே வாசித்தல், தரவுகளுக்கு அப்பால் வாசித்தல் என அவற்றைத் தமிழில் கூறலாம். இலக்கிய வகுப்பில் நாம் கையாளும் நேர்ப்பொருள், உய்த்துணர்வு, மதிப்பீடு என்னும் படிகளோடு இவை நெருங்கியவை.

முதற்படியில், எண்ணைக் கண்டெடுத்தல் மட்டுமே நிகழ்கிறது. "2010இல் தமிழின் விழுக்காடு என்ன?" என்னும் வினாவிற்கு 36.7 என விடை வருகிறது. நம் வினாத்தாள்களில் பெரும்பாலான வினாக்கள் இப்படியிலேயே நின்றுவிடுகின்றன.

இரண்டாம் படியில், எண்களை ஒன்றோடொன்று உறவுபடுத்த வேண்டும். 2000 முதல் 2010 வரை தமிழ் 6.2 புள்ளிகள் குறைந்தது, ஆங்கிலம் 6.0 புள்ளிகள் உயர்ந்தது. தமிழ் இழந்ததை ஆங்கிலம் பெற்றது என்ற எண்ணம் உடனே எழும். அடுத்த பத்தாண்டைக் காண்போம். தமிழ் 9.4 புள்ளிகள் குறைந்தது, ஆங்கிலமோ 17.6 புள்ளிகள் உயர்ந்தது. இரண்டிற்கும் இடையே 8.2 புள்ளிகள் வேறுபாடு உள்ளது. இது எங்கிருந்து வந்தது? அட்டவணையில் எழுதப்படாத ஒரு நிரை உண்டு. நூறிலிருந்து தமிழையும் ஆங்கிலத்தையும் கழித்தால் எஞ்சுவது பிற மொழிகளின் பங்கு: 2000இல் 21.5, 2010இல் 21.7, 2020இல் 13.5. ஆகவே, இரண்டாம் பத்தாண்டில் மலாய், இந்தி, மலையாளம் முதலிய பிற மொழிகளின் பங்கும் சேர்ந்து குறைந்துள்ளது. தமிழ் மட்டுமே பின்வாங்கியது என்பது இவ்வட்டவணைக்குப் பொருந்தாத கூற்று. கண்ணுக்குத் தெரியாத இந்நிரையைக் காண்பதே இரண்டாம் படி வாசிப்பு.

மூன்றாம் படியில், தரவு சொல்லாத ஒன்றை அத்தரவின் துணையால் ஊகிக்கிறோம். ஊகத்திற்கும் எல்லை உண்டு என்பதை மாணவர் இங்குதான் கற்க வேண்டும். 2010–2020 காலத்தின் வேகத்தையே நீட்டித்தால் தமிழின் விழுக்காடு 2050ஐ ஒட்டிச் சுழியமாகிவிடும் என ஒருவர் கணக்கிடலாம். அதே முறையில் ஆங்கிலத்தையும் நீட்டித்துப் பார்ப்போம்: 59.2உடன் மும்முறை 17.6ஐக் கூட்டினால் 2050இல் 112 விழுக்காடு வருகிறது. நூறு பேருள் 112 பேர் ஆங்கிலம் பேச இயலாது. ஒரு முறை ஓரிடத்தில் பொருந்தாத விடை தருமாயின், அதே முறையால் பெற்ற மற்ற விடையையும் நம்புவதற்கில்லை. மாணவர் தாமே இக்கணக்கைச் செய்து இம்முடிவுக்கு வருவாராயின், எதிர்காலம் பற்றிய எந்த நேர்கோட்டையும் அவர் பின்னர் ஐயத்தோடு நோக்குவார்.

5. அடிப்படைத் தொகை மாறும்பொழுது

இதுகாறும் நாம் கண்டது இந்தியரை அடிப்படைத் தொகையாகக் கொண்ட அட்டவணை. அதே கணக்கெடுப்புகள் எல்லாக் குடியிருப்பாளரையும் அடிப்படையாகக் கொண்டும் தமிழின் நிலையைக் காட்டுகின்றன.

அட்டவணை 2: எல்லாக் குடியிருப்பாளருள் தமிழும் இந்தியரும் (விழுக்காடு)

விவரம் | 2000 | 2010 | 2020
தமிழை இல்லத்தில் மிகுதியாகப் பேசுவோர் (ஐந்து வயதும் அதற்கு மேலும்) | 3.2 | 3.3 | 2.5
குடியிருப்பாளருள் இந்தியர் | 7.9 | 9.2 | 9.0

அட்டவணை 1இன்படி 2000 முதல் 2010 வரை தமிழ் தெளிவாகக் குறைந்தது. அட்டவணை 2இன்படி அதே காலத்தில் தமிழ் குறையவில்லை. பத்தில் ஒரு புள்ளி கூடியும் உள்ளது. மொழி ஒன்று, நாடு ஒன்று, ஆண்டுகளும் ஒன்றே. எது உண்மை?

இரண்டும் உண்மையே. வேறுபட்டது அடிப்படைத் தொகை. 2000இல் ஏறத்தாழ 258 ஆயிரமாக இருந்த இந்தியக் குடியிருப்பாளர் தொகை 2010இல் 348 ஆயிரமாக, அதாவது ஏறத்தாழ 35 விழுக்காடு, பெருகியது. அப்பெருக்கத்தில் பிறமொழி பேசும் இந்தியரும் கணிசமாக இருந்தனர். தமிழ் பேசுவோரின் எண்ணிக்கை வளர்ந்தது. ஆனால் இந்தியர் தொகை அதைவிட விரைவாக வளர்ந்தது. ஆகவே இந்தியருள் தமிழின் பங்கு குறைந்தது. எண்ணிக்கை ஏற, விழுக்காடு இறங்கும் இந்நிலை முரண்போலத் தோன்றினும் முரண் அன்று.

இதனை ஓர் எளிய உவமையால் வகுப்பில் விளக்கலாம். பத்துப் பேர் உள்ள வகுப்பில் நால்வர் தமிழ்க் கழக உறுப்பினர் எனக் கொள்வோம். அடுத்த ஆண்டு வகுப்பில் பதினைந்து பேர். கழக உறுப்பினர் ஐவர். கழகம் ஓர் உறுப்பினரைக் கூடுதலாகப் பெற்றது. ஆயினும் அதன் விழுக்காடு 40இலிருந்து 33 ஆகக் குறைந்தது.

இதனால் கவலைக்கு இடமில்லை என்று நாம் கூற வரவில்லை. இரண்டாம் பத்தாண்டை நோக்குக. 2010 முதல் 2020 வரை இந்தியர் தொகை 348 ஆயிரத்திலிருந்து 362 ஆயிரமாக, ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே கூடியது. இந்தியருள் தமிழின் பங்கு 36.7இலிருந்து 27.3 ஆகவும், எல்லாக் குடியிருப்பாளருள் அதன் பங்கு 3.3இலிருந்து 2.5 ஆகவும் குறைந்தன. இம்முறை இரு அட்டவணைகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அடிப்படைத் தொகையின் மாற்றத்தைக் கொண்டு இவ்வீழ்ச்சியை விளக்கிவிட இயலாது. தமிழை இல்லத்தில் முதன்மையாகப் பேசுவோரின் எண்ணிக்கையே குறைந்துள்ளது.

கவனமான வாசிப்பின் பயன் இதுவே. அது நமக்கு ஆறுதல் தருவதற்காகவும் அன்று, அச்சமூட்டுவதற்காகவும் அன்று. முதற் பத்தாண்டின் இறக்கத்தையும் இரண்டாம் பத்தாண்டின் இறக்கத்தையும் ஒன்றாகக் கொண்டு பேசுபவர், எப்பொழுது எது நிகழ்ந்தது என்பதைத் தவறவிடுகிறார். காரணத்தைத் தவறான காலத்தில் தேடுபவர் தீர்வையும் தவறான இடத்திலேயே காண்பார்.

6. குறிவரைவு கண்ணுக்குச் செய்வது

அட்டவணை 1இல் உள்ள தமிழ் நிரையைப் பட்டைக் குறிவரைவாக வரைவோம். செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்கினால் மூன்று பட்டைகளும் 42.9, 36.7, 27.3 என்னும் உயரங்களில் அமையும். கடைசிப் பட்டை முதற்பட்டையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு உயரம் இருக்கும். இப்பொழுது அதே அச்சை 25இல் தொடங்குவோம். பட்டைகளின் உயரம் முறையே 17.9, 11.7, 2.3 ஆகிவிடும். கடைசிப் பட்டை முதற்பட்டையில் எட்டில் ஒரு பங்காகத் தோன்றும். எழுதப்பட்ட எண்கள் எவையும் பொய்யல்ல. ஆயினும், காண்பவர் மனத்தில் பதிவது உண்மையன்று. பட்டைக் குறிவரைவில் உயரமே பொருளாதலால் அச்சு சுழியத்தில் தொடங்குவதே முறை. அவ்வாறு தொடங்காத இடத்தில் அச்சின் எண்களை முதலில் படிக்கும் பழக்கம் மாணவருக்கு வேண்டும்.

கோட்டுக் குறிவரைவில் கவனிக்க வேண்டியது தொடக்க ஆண்டு. 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியருள் தமிழின் பங்கு 43.2 விழுக்காடு. கோட்டை அங்கிருந்து தொடங்கினால் முதற் பத்தாண்டு ஏறத்தாழச் சமதளமாகவும், அடுத்தது சரிவாகவும், மூன்றாவது மேலும் செங்குத்தான சரிவாகவும் தோன்றும். 2010இலிருந்து தொடங்கினால் ஒரே செங்குத்துச் சரிவு மட்டும் தெரியும். எங்கே தொடங்குவது என்பதை வரைபவர் முடிவு செய்கிறார்; ஏன் அங்கே தொடங்கினார் என்று வாசிப்பவர் கேட்க வேண்டும். கிடை அச்சில் ஆண்டுகளின் இடைவெளி சீராக உள்ளதா என்பதையும் காண வேண்டும். ஐந்தாண்டும் பத்தாண்டும் ஒரே இடைவெளியில் குறிக்கப்பட்டால் சரிவு பிழைபடும்.

வட்டக் குறிவரைவு ஒரு காலத்தின் நிலையையே காட்டும். 2020ஆம் ஆண்டு விவரத்தை வட்டமாக்கினால் ஆங்கிலம் ஏறத்தாழ 213 பாகையும், தமிழ் 98 பாகையும், பிற மொழிகள் 49 பாகையும் பெறும். தமிழின் பங்கு செங்கோணத்தைவிடச் சற்றே பெரிது என ஒரு பார்வையில் விளங்கும். ஆனால் 2010க்கும் 2020க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இரு வட்டங்களை அருகருகே வைப்பது ஏற்ற முறையன்று. வட்டங்கள் ஒரே அளவில் இருப்பின், தொகை வளர்ந்தது மறைந்துவிடும். கோணங்களைக் கண்ணால் ஒப்பிடுவதும் கடினம்.

7. எண்ணை வாக்கியமாக்கல்

தமிழாசிரியரின் தனிப்பட்ட பங்கு இப்பகுதியிலேயே உள்ளது. மாணவர் எழுதும் விளக்கத்தில் பிழை பெரும்பாலும் கணக்கில் நேர்வதில்லை, சொல்லில் நேர்கிறது.

முதலாவதாக, ஏழாம் வேற்றுமைப் பொருளைக் கவனிக்க வேண்டும். 'இந்தியருள் தமிழ் பேசுவோர்' என்பதும் 'தமிழ் பேசுவோருள் இந்தியர்' என்பதும் வெவ்வேறு. 'உள்' என்னும் உருபை ஏற்கும் பெயரே அடிப்படைத் தொகை. இவ்வொரு விதியை மாணவர் உணர்ந்துவிட்டால் விழுக்காடு பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கும். எடுத்துக்காட்டாக, 2010இல் இந்தியருள் 36.7 விழுக்காட்டினர் தமிழை மிகுதியாகப் பேசினர்; இந்தியருள் தமிழர் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர். தமிழை மிகுதியாகப் பேசியவர் அனைவரும் தமிழரே எனக் கொண்டால், தமிழருள் அவ்வாறு பேசியவர் மூன்றில் இரு பங்கினர் ஆவர். உருபை ஏற்ற பெயர் இந்தியரிலிருந்து தமிழராக மாறியவுடன், மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேலாக இருந்தது மூன்றில் இரு பங்காகிவிட்டது.

இரண்டாவதாக, 'விழுக்காடு', 'விழுக்காட்டுப் புள்ளி' ஆகியவற்றை வேறுபடுத்தல் வேண்டும். 36.7இலிருந்து 27.3 ஆவது 9.4 விழுக்காட்டுப் புள்ளி வீழ்ச்சி. முன்பிருந்த அளவோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 25.6 விழுக்காடு வீழ்ச்சி. "9.4 விழுக்காடு குறைந்தது" என எழுதினால் எது குறிக்கப்பட்டது என விளங்காது.

மூன்றாவதாக, வினைச்சொல்லைத் தேர்தல். 'சற்றே குறைந்தது', 'பெரிதும் குறைந்தது', 'சரிந்தது', 'ஏறத்தாழ நிலைத்தது' என்னும் சொற்கள் அளவைக் குறிப்பன. 3.2இலிருந்து 3.3க்கு மாறியதை 'உயர்ந்தது' என்பதினும் 'ஏறத்தாழ நிலைத்தது' என்பதே பொருத்தம்.

நான்காவதாக, 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபையும் 'ஆகவே' என்னும் இணைப்புச் சொல்லையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 'ஆங்கிலம் உயர்ந்தது, தமிழ் குறைந்தது' என்பதை அட்டவணை காட்டுகிறது. 'ஆங்கிலம் உயர்ந்ததால் தமிழ் குறைந்தது' என்பதை அட்டவணை காட்டவில்லை. அது வேறு சான்றுகளால் நிறுவப்பட வேண்டியது.

8. வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

மேற்கண்ட முறையை மலேசிய மாணவர் தம் நாட்டுத் தரவிலும் பயன்படுத்திப் பார்க்கலாம். மலேசியக் கணக்கெடுப்புகளின்படி குடிமக்களுள் இந்தியரின் பங்கு 2000இல் 7.7 விழுக்காடு, 2010இல் 7.3 விழுக்காடு, 2020இல் 6.7 விழுக்காடு. இந்தியரின் எண்ணிக்கை அவ்வாண்டுகளில் முறையே ஏறத்தாழ 1.68 மில்லியன், 1.91 மில்லியன், 2.0 மில்லியன்.

மாணவரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிற்கு விழுக்காட்டையும் மற்றொரு குழுவிற்கு எண்ணிக்கையையும் தருக. ஒவ்வொரு குழுவும் தன் தரவைக் குறிவரைவாக்கி, அதற்கு ஒரு தலைப்பும் மூன்று வாக்கியங்களும் எழுதட்டும். ஒரு குழுவின் கோடு இறங்கும்; மற்றதன் கோடு ஏறும். 'இந்தியர் குறைகின்றனர்' என்று ஒரு குழுவும், 'இந்தியர் பெருகுகின்றனர்' என்று மற்றொரு குழுவும் எழுதக்கூடும். இரண்டையும் கரும்பலகையில் அருகருகே வைத்த பின்னர், இரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாகும் என வினவுக. குடிமக்கள் தொகை இருபதாண்டுகளில் ஏறத்தாழ 21.9 மில்லியனிலிருந்து 29.8 மில்லியனாக வளர்ந்தது என்னும் மூன்றாவது விவரத்தை இறுதியில் தந்தால், விடையை மாணவரே கண்டுரைப்பர்.

வினா அமைக்கும்பொழுது மூன்று படிகளுக்கும் இடமளிக்க வேண்டும். கண்டெடுக்கும் வினா ஒன்று, உறவுபடுத்தும் வினா இரண்டு, எல்லையை உணர்த்தும் வினா ஒன்று என அமையலாம். இறுதி வினா, 'இவ்வட்டவணையைக் கொண்டு நாம் கூற இயலாதது எது?' என்பதாக இருத்தல் நலம். இத்தகைய வினாவிற்குப் பழகிய மாணவர், செய்தித்தாளில் வரும் எண்ணையும் அவ்வாறே அணுகுவார்.

9. முடிவுரை

அட்டவணையையும் குறிவரைவையும் வாசித்தல் என்பது எண்ணைக் கண்டெடுப்பதோடு முடிவதன்று. எவரை, எதை, எப்பொழுது, எந்த அலகில், எவ்வாறு எண்ணினர் என்பதை அறிந்து, கண்டவற்றை உறவுபடுத்தி, எல்லை கடவாது ஊகித்து, பிழையற்ற வாக்கியத்தில் வெளிப்படுத்துவதே முழுமையான வாசிப்பு. இவற்றுள் கூட்டலும் கழித்தலும் சிறு பகுதியே. எஞ்சியவை மொழித்திறன் சார்ந்தவை.

தமிழின் எதிர்காலம் பற்றி நம் மாநாடுகளிலும் ஆசிரியர் கூட்டங்களிலும் பேசப்படும் பலவும் இத்தகைய அட்டவணைகளிலிருந்தே பிறக்கின்றன. அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வெளிவரும்பொழுது, இன்று நம் வகுப்பில் உள்ள மாணவரே அவற்றை வாசித்துப் பிறருக்குச் சொல்லும் நிலையில் இருப்பர். 'தமிழ் பேசுவோர் இத்தனை விழுக்காடு' என்று ஒருவர் கூறும்பொழுது, 'எவருள்?' என்று அவர்கள் கேட்பார்களாயின், தமிழாசிரியர் தம் பணியைச் செய்துள்ளார் எனலாம்.